சீற் இல்லாத மோட்டார் சைக்கிள்

1996ஆம் ஆண்டு இலையுதிர் காலம். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மன்றில் நானும் இன்னொருவரும் வாடகைக்கு இருந்தோம். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். ஊரில் பழக்கமில்லை. அறையைப் பங்குபோட ஆள் தேவை என்று தமிழ்க்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து வந்தவர். அண்ணை என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் கிறீஸ் கையோடு வளர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் ஊரை விட்டு, கொழும்பு, சிங்கப்பூர், ஜெர்மனியில் ஓர் அகதி முகாம், மொன்றியல் என்று அலைந்து, கடைசியில் ரொறன்ரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் இருப்பது எனக்கு ஒத்துவராது. அண்ணை அப்படி இல்லை. அவருக்கு ஓர் இடம் வேண்டும், அங்கே மனைவி வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

கலியாணம் முடித்துச் சில மாதங்களிலேயே அவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டிருந்தார். ஏழு வருடமாக மனைவியைப் பார்க்கவில்லை. ஊரில் இருந்தபோது அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. புதுமாப்பிள்ளையாகப் பின்னால் மனைவியை இருத்திக்கொண்டு பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் போய்வருவாராம். பயணத்துக்காக அதை விற்றதைப் பற்றி நிறையச் சொல்வார், மனைவியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததே அந்த வண்டியில்தான் என்று எனக்குத் தோன்றும்.

அண்ணையின் மனைவியை நான் அக்கா என்றுதான் சொல்வேன். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து, ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து, விசாவுக்குக் காத்திருந்தார். தொலைபேசிக் கடையில் இருந்து கதைப்பார். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், அதனால் சுகமா, சாப்பிட்டீங்களா என்பதற்கு மேல் பேச்சுப் போகாது. அக்காவின் தம்பியைக் காணவில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அண்ணை கேட்டால், "வந்து சொல்லுறன்" என்பாராம்.

விசா கிடைக்கும் என்று தெரிந்த வாரத்தில் அண்ணை மோட்டார் சைக்கிள் தேடத் தொடங்கினார். கார் வாங்கச் சொன்னேன்.

"காரிலை ஆரும் ஏத்திக்கொண்டு போவாங்கள். அவ என்ரை பின்னாலை இருக்கவேணும்," என்றார்.

பிக்கரிங்குக்கு வடக்கே, ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டிலுக்குள்தான் அந்த வண்டி கிடந்தது. ஸ்பெயினில் செய்தது. எழுபதுகளின் தொடக்கத்து வண்டி. ஒல்லி உடம்பு, சின்ன எஞ்சின், உயர்ந்த மட்காட், அகலமான ஹாண்டில். சீற் இருக்கவேண்டிய இடத்தில் தடித்த அட்டை போல ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. பண்ணைக்காரக் கிழவரிடம் சீற் எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்தார். இது இருந்து ஓடும் வண்டி இல்லை, நின்றுகொண்டு ஓடுவது என்றார். பாறைகளுக்கு மேலும் விழுந்த மரங்களுக்கு மேலும் ஆமை வேகத்தில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். அது ஒரு போட்டி. யார் முந்துவது என்பது கணக்கே இல்லை. கால் நிலத்தில் படக்கூடாது, பட்டால் புள்ளி போகும். இளமையில் அவர் அப்படி ஓடியவராம்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அண்ணை நம்பவில்லை.

"சீற்றை வேறை ஆருக்கோ வித்துப்போட்டுக் கிழவன் கதை விடுறார். நிண்டுகொண்டு ஓடுறதுக்கு ஏன் மோட்டார் சைக்கிள்? நடந்து போகலாம்தானே."

கையில் இருந்ததற்குக் கிடைத்தது அந்த வண்டி ஒன்றுதான். வாங்கினோம்.

குளிர்காலம் முழுவதும் அது வீட்டுக்கார அங்கிளின் கராஜில் கிடந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் துளை வழியாக எண்ணெய் விட்டு ஊறவைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத்தான் பிஸ்டனை விடுவித்தேன். காபரேற்றருக்குள் பழைய பெற்றோல் பசை போல உறைந்திருந்தது. பழைய ஆங்கிலேய வண்டிகளைப் போல கியர் வலப்பக்கம், பிறேக் இடப்பக்கம். காசு கொடுத்து வாங்கிய சாமான் கொஞ்சம், பழைய வண்டி உடைக்கும் கடையில் பொறுக்கியது மிச்சம். வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிர். ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கோப்பை கழுவுவதைவிட எதுவும் நல்லதுதான்.

சீற் அண்ணையின் பொறுப்பு. அவர் வேலை செய்தது ஒரு சோபா தொழிற்சாலையில். கழிவாகப் போகும் ஸ்பொஞ்சும் மெரூன் நிற றெக்சீன் துண்டுகளும் கொண்டுவந்து, இரண்டு பேர் தாராளமாக இருக்கக்கூடிய நீள சீற் ஒன்றைத் தைத்தார். ஓரத்தில் குமிழ்கூடப் பதித்தார். அதைத் தாங்குவதற்கு நான் சட்டத்தின் பின்பக்கம் இரண்டு குழாய்கள் வெல்ட் பண்ணினேன். அதோடு அவர் விடவில்லை. அக்கா சேலையோடு ஒருபக்கமாக இருப்பார், சேலை சில்லுக்குள் போகக்கூடாது என்று பின்சில்லின் இடப்பக்கத்தில் கம்பி வலை ஒன்று அடிக்கச் சொன்னார். அதன் கீழே இரண்டு பாதங்களும் வைக்க ஒரு தட்டு. இதெல்லாம் ஊரில் எல்லா வண்டியிலும் இருப்பது. பாறை ஏறுவதற்குச் செய்த ஸ்பானிய வண்டி ஒன்றில், ரொறன்ரோவில், சேலைக் கம்பி அடித்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

வீட்டுக்கார அங்கிள் கராஜுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பிமார், உந்த ஒல்லி ஆட்டுக்குட்டிக்குச் சோபா செற்றோ? முன்னுக்கு ஒரு ரீவியும் வைச்சா வீட்டு ஹோல் றெடி."

"அங்கிள், நீங்கள் எரிச்சலிலை கதைக்கிறியள்," என்றார் அண்ணை.

"எனக்கென்ன எரிச்சல்? அன்ரியை உதிலை ஏத்தினா வண்டி குனியும், எழும்பாது."

ரோட்டில் விடுவதற்குத் தகுதிச் சோதனை செய்தவரும் அந்தக் கம்பி வலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மீன் பிடிக்கப் போவதற்கா என்று கேட்டார். விளக்கினேன். இங்கே இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் இருக்கவேண்டும் என்று அவர் சொன்னதை அண்ணையிடம் சொன்னபோது, "அவ பழகிவிடுவா," என்றார். ஆனால் கம்பியைக் கழற்ற விடவில்லை.

அந்த வண்டி சரிவந்தால், அதில் மனைவி ஏறினால், விட்டுப்போன ஏழு வருடமும் சரிவந்துவிடும் என்று அவர் நம்பினார். வாயால் சொல்லவில்லை. ஆனால் சீற்றில் ஒரு தையல் கோணியதற்காக முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைத்தவரைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

ஜூன் மாதம் அக்கா வந்து இறங்கினார். மெலிந்த, அமைதியான பெண். கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்பார். அங்கிள் மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை தந்தார், பேஸ்மன்றை அவர்களுக்கு விட்டேன். சாப்பாடு மட்டும் அவர்களோடு. ஒரு விஷயம் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. எங்கள் ஆட்களில் வயதுக்கு மூத்த எந்தப் பெண்ணும் என் வயதுப் பையனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவர் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இஞ்சை பாருங்கோ" என்பார், அல்லது கோப்பையை மேசையில் தட்டுவார். பெருமைக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த அடுத்த ஞாயிறு. அண்ணைக்கு ஒரு திட்டம் இருந்தது. வண்டியைச் சத்தமில்லாமல் கராஜில் இருந்து உருட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில் கிக்கரை உதைத்து, முழுச் சத்தத்தோடு வந்து வீட்டு வாசலில் நிறுத்துவார். நான் அக்காவைக் கதவடிக்குக் கூட்டிவர வேண்டும். ஊரில் புதுமாப்பிள்ளையாக இருந்தபோது அப்படித்தான் மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்பாராம்.

நான் கீழே போனபோது அக்கா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெளிக்கதவைத் திறந்துவைத்தேன். தூரத்தில் எஞ்சின் பிடித்தது. குளிர்காலம் முழுக்க நான் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது. கிட்ட வந்தது. அக்காவின் கை வேலை செய்தபடியே இருந்தது. இன்னும் கிட்ட வந்தது. எங்கள் வீட்டுக்கு நேரே வந்து நின்றது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். படியைப் பார்த்து, மிகவும் சாதாரணமான குரலில் சொன்னார்.

"அவன் வீட்டிலை இல்லை. காலமையே வெளிக்கிட்டுப் போட்டான். எங்கை எண்டு எங்களுக்குச் சொல்லேல்லை."

எனக்கு யாரைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. மேலே அண்ணை ஹோனை அடித்துச் சிரித்தார். அக்கா என்னைத் தாண்டிப் போனார். வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் இருக்கும் சிறிய அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணை படியால் இறங்கி ஓடிவந்து, கதவைத் தட்டிக் கெஞ்சினார். பிறகு அதட்டினார். பிறகு கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்துவிட்டார். வெளியே வண்டி நின்ற இடத்தில் ரூ-ஸ்றோக் எண்ணெயின் வெள்ளைப் புகை இன்னும் கலையாமல் இருந்தது. நான் வண்டியைக் கராஜுக்குள் உருட்டிக்கொண்டு போனேன். அங்கிள் மேலே ஜன்னலில் இருந்து ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்து மூடிவிட்டார்.

மாலையில் அக்கா வெளியே வந்து கறி சமைத்தார்.

"அவவுக்குச் சத்தம் ஒத்துவரேல்லை. ஷெல்லடிக்குள்ளை இருந்து வந்த ஆள்தானே," என்று அண்ணை முடிவுகட்டினார். அந்த முடிவில் எங்கள் கோடைகாலம் கழிந்தது. நான் சைலன்சரைப் பிரித்து உள்ளே இருந்த துருவையெல்லாம் தட்டி எடுத்து, கண்ணாடிப் பஞ்சு அடைத்தேன். சத்தம் குறைந்தது. கேட்டுப்பார்க்க அண்ணை தெருவைச் சுற்றி வந்து வாசலில் நிறுத்துவார். அக்கா இயந்திர அறைக்குப் போவதை விட்டுவிட்டார். ஆனால் அப்படியே, கையில் எது இருக்கிறதோ அதோடு, சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பார். நான் இன்னொரு அடுக்குப் பஞ்சு வைத்தேன். செயின் ஓடும் பின்சில்லுப் பற்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினேன், எஞ்சின் அலறாமல் ஓடுவதற்கு. பெற்றோலில் எண்ணெயைக் குறைத்துக் கலந்தேன், புகை வராமல் இருக்க. கடைசியில் வண்டி தையல் மிசின் போல முனகியது. ஒன்றும் மாறவில்லை.

ஓகஸ்ட் மாதம் ஒருநாள், மத்தியானம். அண்ணை வேலைக்குப் போயிருந்தார். எனக்கு விடுமுறை. கராஜில் குந்தியிருந்து சைலன்சரை நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா தேத்தண்ணியோடு வந்தார். வண்டி இருக்கும் இடத்துக்கு அவராக வந்தது அதுதான் முதல் தடவை.

"உதை ஏன் ஒவ்வொரு நாளும் கழட்டுறீங்கள்?"

"சத்தம் குறைக்கத்தான் அக்கா. உங்களுக்கு ஒத்துவரேல்லை எண்டு அண்ணை சொன்னவர்."

அவர் கராஜ் கதவில் சாய்ந்துகொண்டார்.

"சத்தத்திலை ஒண்டுமில்லை. சத்தம் கேட்டுக்கொண்டு இருந்தா நல்லது. அது எங்கடை வீட்டைத் தாண்டிப் போகுது. நிக்கேக்கைதான்."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

அவர் சொன்னது நீளமான கதை இல்லை. நாங்கள் ஊரை விட்டு வந்த பிறகு, தடை காரணமாக அங்கே பெற்றோல் இல்லாமல் போனது. இருந்த சில மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின, பின்னால் வெள்ளைப் புகை அடித்துக்கொண்டு. மற்ற எல்லோரும் சைக்கிள். அதனால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் முழுத் தெருவும் காதைக் கொடுக்குமாம், யாருடைய வாசலில் நிற்கிறது என்று. ஒருநாள் பின்னேரம் அவர்களுடைய வாசல் படலையில் நின்றது. வந்தவர்கள் இரண்டு பேர். மரியாதையாகத்தான் கதைத்தார்களாம். தம்பியை ஒருக்கா வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வீட்டில் இல்லை என்று சொல்லும்படி அம்மா கண்ணைக் காட்டியிருக்கிறார். அக்கா வாயைத் திறக்க முதல் அவன் கிணற்றடியில் இருந்து முகத்தைத் துடைத்தபடி வந்துவிட்டான்.

"நடுவிலை இருத்திக்கொண்டு போனவை," என்றார். "நீள சீற். மூண்டு பேருக்கும் இடம் காணும். திரும்பிப் பாத்து, சாப்பாட்டை மூடி வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

யார் அவர்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஒரு தரப்பு மட்டும் இல்லை.

அண்ணை பதித்த குமிழ்களில் ஒன்றை அவர் விரலால் தொட்டார். உடனே கையை எடுத்துவிட்டார்.

"வடிவாத்தான் செய்திருக்கிறார். எனக்குத் தெரியும் ஏன் செய்தவர் எண்டு. ஆனா எனக்கு ஏலாது. அவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ. இன்னொருக்கா என்னாலை சொல்ல முடியாது."

அன்று மாலை நான் சோபா தொழிற்சாலை வாசலுக்குப் போய் நின்றேன். அண்ணை என்னைக் கண்டதும் பயந்துவிட்டார். "என்ன, அவவுக்கு ஏதும்?" என்றார். இல்லை என்றேன். பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தோம். நடந்துகொண்டே சொன்னேன். ஒரு பெற்றோல் நிலையம், ஒரு டோனற் கடை, ஒரு சவக்காலை என்று தாண்டிப் போனோம். அண்ணை வீட்டுக்குக் கிட்ட வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நான் எத்தினை தரம் கொண்டுவந்து நிப்பாட்டினனான்?"

நான் போய்க் கராஜ் கதவைத் திறந்தேன்.

கராஜுக்குள் போனதும், "ஸ்பானரைத் தா," என்றார். சீற்றை அவரே கழற்றினார். கம்பி வலையை இரும்பறுக்கும் வாளால் அரிந்தார், அந்தக் கால் தட்டையும். நான் வெல்ட் பண்ணிய குழாய்களை நான் வெட்டினேன். எல்லாம் முடிய, வண்டி பண்ணையில் கிடந்தது போலவே நின்றது, ஒருவர் ஏறி நிற்பதற்கு மட்டும் இடத்தோடு. சட்டத்தில் வெல்ட் தழும்பு மட்டும் மிச்சம்.

"கிழவன் பொய் சொல்லேல்லை என்ன," என்றார் அண்ணை. சீற்றைக் குப்பையில் போடவும் மனமில்லாமல், வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாமல், கராஜின் கூரைக்கட்டைகளுக்கு இடையில் செருகிவைத்தார்.

வண்டியை அவர் விற்கவில்லை. பஸ் இரண்டு மாறிப் போகவேண்டிய தொழிற்சாலைக்கு அதில்தான் போய்வந்தார், நின்றுகொண்டே. ஸ்காபரோ வீதிகளில் ஒரு மனிதன் சாப்பாட்டுப் பையை முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நின்றபடி போவதைப் பார்த்துப் பிள்ளைகள் கையசைப்பார்கள். திரும்பி வரும்போது, வீட்டுக்கு நாலு தெரு முன்னாலேயே, கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிடுவார். அங்கிருந்து தள்ளிக்கொண்டு வருவார். நல்லகாலம், பாரம் இல்லாத வண்டி. மழையிலும் தள்ளுவார். ஒருமுறை நான் பஸ்ஸில் இருந்து பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் தன் பிக்கப்பை ஓரம் கட்டி, பின்னால் இருந்து பெற்றோல் கானை எடுத்துக் காட்டினார். அண்ணை நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்து தள்ளினார். அந்த மனிதர் கானோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுபோன வண்டிக்குப் பெற்றோல் வேண்டாம் என்று சொல்பவனை அவர் என்னவென்று நினைத்திருப்பார்?

வாசலுக்கு வந்ததும் அண்ணை கதவைத் தட்டமாட்டார். "நான்தான்," என்பார். உள்ளே இருந்து "ஓம்" என்று வரும். அதற்குப் பிறகுதான் திறப்பைப் போட்டுக் கதவைத் திறப்பார்.

அக்கா அந்த வண்டியில் ஒருநாளும் ஏறவில்லை. அவர்கள் சந்தோஷமாக வாழ்ந்தார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சேர்ந்து வாழ்ந்தார்கள். பனி விழத் தொடங்க நான் வழக்கம்போல மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்கே போனேன். போகும்போது அக்கா சோற்றுப் பார்சல் கட்டித் தந்தார். "கவனமாப் போட்டு வாங்கோ," என்றார். கடைசிவரை என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சொல்லை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கெங்கோ சுற்றி, இப்போது பிறம்ரனில் இருந்து பார்சல் வான் ஓட்டுகிறேன். முகவரியில் எங்கள் ஆட்களின் பெயர் இருந்தால், வாசலில் வானை நிறுத்தினாலும் எஞ்சினை நிறுத்தமாட்டேன். இறங்கி, "பார்சல் வந்திருக்கு" என்று தமிழில் உரத்துச் சொல்வேன். உள்ளே இருந்து ஒரு குரல் வந்த பிறகுதான் திரும்பிப் போய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவேன். கூட வேலை செய்பவர்கள் பெற்றோலை வீணாக்குகிறாய் என்கிறார்கள். வீணாகட்டும். ஒரு வண்டி வந்து நிற்கும் அந்தக் கணத்தில் கதவுக்கு உள்ளே ஒருவர் எப்படி நிற்கிறார் என்பது வெளியே நிற்பவனுக்கு ஒருபோதும் தெரிவதில்லை.